பக்கிங்காம்: ஒரு கால்வாயும் ஐந்து குடும்பப் பெயர்களும்

எக்கியார்குப்பத்தை அடுத்த மரக்காணத்து உப்பளங்களின் அருகில்தான் பக்கிங்காம் கால்வாய் முடிவடைகிறது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கிக் கரையோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர் வரும் நீர்வழி அது. பக்கிங்காம் என்பதை ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அன்று, அது பட்டத்தின் பெயர்.

பழைய ஆங்கிலத்தில் 'புக்கா என்பவனின் கிளையார் வாழ்ந்த ஆற்றுவளைவு நிலம்' என்பது அதன் பொருள். அவ்வூரின் பெயரால் கோமகன் பட்டம் பெற்றிருந்தவர், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ரிச்சர்ட். அவருடைய குடும்பப் பெயரைச் சொல்ல மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்: டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில்.

இவற்றுள் தந்தைவழி வந்தது கடைசியில் நிற்கும் கிரென்வில் ஒன்றே. மற்றவை யாவும் மணமகள்களோடு வந்தவை. 1710இல் ஒரு கிரென்வில்லை மணந்த ஹெஸ்டர் டெம்பிளின் தமையன் மகப்பேறின்றி 1749இல் இறந்தார். ஸ்டோ மாளிகை அவர் வசமாயிற்று, டெம்பிள் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அவருடைய பேரன் 1775இல் மேரி நியூஜென்டை மணந்தார். கொள்ளுப்பேரன் 1796இல் ஆனா எலைசா பிரிட்ஜஸை மணந்தார். சாண்டோஸ் கோமகனின் ஒரே வாரிசு அவர். நம் ஊரில் சுவீகாரம் போன பிள்ளை கோத்திரம் மாறுவான். அங்கே சொத்துக்கு வந்தவன் பழைய பெயரை விடாமல் புதியதையும் சேர்த்துச் சுமந்தான். தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கித் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொள்ளும் நமக்கு, இது பத்திரப் பதிவு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. இத்தனை நிலமும் கடனில் கரைந்து, 1848இல் ஸ்டோ மாளிகைப் பொருள்கள் ஏலம் போனது தனிக்கதை.

கால்வாய்க்கு முதலில் வாய்த்தது மெய்யான குடும்பப் பெயரே. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதை வெட்டுவித்த பேசில் காக்ரேனின் பெயரால் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. அந்தக் குடும்பப் பெயரின் மூலமும் ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊரே.

பின்னர் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மாகாணமே பட்டினியில் கிடந்தபோது, நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் அப்போது உருவானதே. 1878இல் பக்கிங்காமின் பெயர் ஏறியது.

இங்கேதான் டெம்பிள் என்ற பெயர் மீண்டும் வருகிறது, வேறொருவர் வழியாக. பஞ்சப் பணிகளைப் பார்வையிட 1877இல் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். செலவைக் குறைக்க வேண்டி, நிவாரண வேலையில் உழைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறிது காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்கும் குறைவு. அதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மண்வெட்டியோடு சாய்ந்தவர்களின் பெயர்களை எந்தக் கால்வாயும் தாங்கவில்லை.

ஆளுநர் 1889இல் ஆண்வாரிசின்றி மறைந்தார்; கோமகன் பட்டமும் அவரோடு அற்றுப்போயிற்று. மூத்த மகள் மேரியின் கணவர் மார்கன், தம் பெயரோடு கிரென்வில்லைச் சேர்த்துக்கொண்டார். இம்முறையும் பெயர் பெண்வழியே சென்றது.