திருப்பருத்திக்குன்றத்துத் தருமக் குரா

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் தலம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் செல்வோர் விதானத்து ஓவியங்களையும் சங்கீத மண்டபத்தையும் கண்டு வியப்பர். விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேன முனிவரின் விருப்பத்திற்கிணங்க 1387-88ஆம் ஆண்டளவில் எழுப்பிய மண்டபம் அது. ஆனால் அதே வளாகத்தில் மேடையிட்டுக் காக்கப்படும் குராமரத்தின்முன் நின்று பார்ப்போர் சிலரே.

அரசர் கொடைகளைக் கல்லில் பொறித்த முன்னோர், இம்மரத்திற்கென்றும் ஒரு வெண்பாவைப் பொறித்துள்ளனர். தன்னளவில் குறையாமலும் உயராமலும் இருப்பது, முனிவர் மூவர் தவத்தில் ஆழ்ந்த இடம், மன்னனது செங்கோலின் நலத்தைக் காட்டுவது என்றெல்லாம் போற்றி, இதனைத் தருமக் குரா என்று அது அழைக்கிறது. சங்ககால வேந்தர்க்குக் காவல்மரம் இருந்தது. பகைவன் அதனை வெட்டி வீழ்த்துவதே வெற்றிக்கு அடையாளமாயிற்று. திருப்பருத்திக்குன்றத்திலோ முனிவர் அமர்ந்த மரம் வாடாமல் நிற்பதே நல்லாட்சிக்கு அளவுகோல். போரின் சின்னத்தை அறத்தின் சின்னமாக மாற்றிய இச்சிந்தனை தமிழ்ச் சமணத்தின் அரிய கொடைகளுள் ஒன்று.

குரவம் எனச் சங்க நூல்கள் கூறுவதும் இம்மரத்தையே. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் அதற்கு இடமுண்டு. இளவேனிலில் கொத்துக் கொத்தாகப் பூத்து வண்டினத்தை அழைப்பது அதன் இயல்பு.

உயராதது என்னும் சொல் கருதத்தக்கது. முதுமரம் உயரத்தில் நின்றுவிடலாம், வளர்ச்சியில் நிற்பதில்லை. 403 மர இனங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க ஆண்டுதோறும் அது சேர்க்கும் எடையும் மிகுகிறது எனக் கண்டது. முதுமரங்களின் பொந்துகளோ கிளிக்கும் ஆந்தைக்கும் தேனீக்கும் இல்லங்கள். பொந்து விழுந்த மரம் செத்த மரமன்று. அதன் உயிரோட்டம் பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே உள்ளது. ஹௌராவில் உள்ள தாவரவியல் தோட்டத்துப் பேராலமரத்தின் அடிமரம், 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் சிதைந்து, பின்னர்ப் பூஞ்சை தாக்கி, 1925இல் அகற்றப்பட்டது. ஆயினும் ஆயிரக்கணக்கான விழுதுகளை ஊன்றி அம்மரம் இன்றும் வாழ்கிறது.

குராவுக்கு விழுது இல்லை. அடிமரமும் வேரும் கெட்டால் அதற்கு வேறு துணை கிடையாது. உணவுண்ணும் நுண்வேர்கள் ஆழத்தில் இருப்பதில்லை; மேல்மண்ணில், கிளைப்பரப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். திருப்பணி என்றாலே வளாகம் முழுவதும் சிமெண்டுத் தளம் போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பக்தர் காலில் சேறு படாமலிருக்கச் செய்யப்படும் அவ்வேலை, வேருக்குச் செல்லும் நீரையும் காற்றையும் அடைத்துவிடுகிறது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடையை உயர்த்துவதும், பட்டையில் ஆணி அறைவதும், வேரடியில் விளக்கேற்றுவதும் அன்பினால் செய்யப்படும் தீங்குகளே. தலமரம் நிற்கும் கோயில்களில் தளம் போடுமுன், கிளை விரிந்த அளவுக்கேனும் மண்தரையாக விட்டுவைக்குமாறு கொத்தனாரிடம் கோடு கிழித்துக் காட்டுதல் வேண்டும்.