சொரியாசிஸ்

சொரியாசிஸ் என்பது நெடுநாள் நீடிக்கும், தொற்றாத ஓர் அழற்சி நோய். தோலில் விளிம்பு தெளிவான தடிப்புகளும் அவற்றின் மேல் வெள்ளி நிறச் செதில்களும் இதன் முதன்மை அடையாளம். நகங்களையும் மூட்டுகளையும்கூட இது தாக்கும். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். பத்திரிகைகளில் செதில் உதிர் நோய் என்றும் எழுதுவதுண்டு. உலக அளவில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆண், பெண் இருபாலரையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும். எந்த வயதிலும் தொடங்கலாம் என்றாலும் இளமையிலும் ஐம்பது வயதை ஒட்டியும் தொடங்குவோர் அதிகம்.

இதை அடக்கி வைக்க முடியும், வேரோடு அகற்ற முடியாது. நோயாளிகள் படும் அல்லலில் பாதி, இந்த இரண்டாவது பாதியை யாரும் அவர்களிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லாததால் வருவது.

அடையாளங்கள்

முழங்கை, முழங்கால், உச்சந்தலை, இடுப்பின் பின்புறம், தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகியவை இது விரும்பித் தங்கும் இடங்கள். ஐயம் இருந்தால் தோல் மருத்துவர் ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பால் தடிப்பை மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். முதலில் மெழுகுவர்த்தியைச் சுரண்டியது போல வெண்தூள் உதிரும். மேலும் சுரண்டினால் ஈரப்பசையுள்ள மெல்லிய சவ்வு தென்படும். அதுவும் நீங்கினால் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் அங்கங்கே துளிர்க்கும். தடிப்பின் அடியில் நுண்ரத்தக் குழாய்கள் நீண்டு, மேற்பரப்பை நெருங்கி வந்திருப்பதே காரணம். இதற்கு ஆஸ்பிட்ஸ் அறிகுறி என்று பெயர்.

பாடநூல் படங்களில் தடிப்புகள் இளஞ்சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் பூத்தது போலவோதான் தெரியும். தடிப்பு ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளுத்தோ கிடக்கும். நோய் போகவில்லை என்று பலர் மனம் உடைவது இந்த நிறமாற்றத்தைப் பார்த்துத்தான். தொட்டுப் பார்த்துத் தடிப்பும் செதிலும் இல்லையென்றால் அங்கே நோய் அடங்கிவிட்டது என்று பொருள்.

அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு போன்ற இடங்களில் வந்தால் செதிலே இராது. வழவழப்பான சிவந்த திட்டாக இருக்கும். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்து ஓரிரு வாரத்தில் உடம்பெங்கும் துளித்துளியாகப் புள்ளிகள் கிளம்பலாம். நகத்தில் குண்டூசியால் குத்தியது போன்ற குழிகள், எண்ணெய்த் துளி ஒட்டியது போன்ற மஞ்சள் கறை, நகம் சதையிலிருந்து விலகுதல் ஆகியவை நகத்தில் தெரியும் மாற்றங்கள்.

இரண்டு வகைகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒன்று, உடல் முழுவதும் சிவந்து செதில் உதிர்வது. இதில் உடல் வெப்பமும் நீரும் புரதமும் தோல் வழியே வீணாகும். மற்றொன்று, காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் பரவுவது. இரண்டுக்கும் மருத்துவமனையில் சேர்வது கட்டாயம்.

உடலுக்குள் நடப்பது

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் தடிப்பில் இது நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதுதான் செதில். 1970-கள் வரை இதைத் தோல் செல்லின் கோளாறாகவே கருதினார்கள். இன்றைய விளக்கம் வேறு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தேவையில்லாமல் தூண்டப்பட்டு, இன்டர்லூகின்-17, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களைப் பெருக்குகின்றன. அவற்றின் ஏவலுக்குத் தோல் செல்கள் பணிகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பிறகு சிலருக்கு இந்நோய் மறைந்ததும், சொரியாசிஸ் உள்ளவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற சிலருக்குப் புதிதாக வந்ததும் இதற்கு வலுவான சான்று.

மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. எச்எல்ஏ-சி06 என்ற மரபணு வடிவம் அதில் முதன்மையானது. ஆனாலும் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதுண்டு. மரபு வழியமைக்க, வேறொன்று தூண்ட வேண்டும். தொண்டைத் தொற்று, மன அழுத்தம், புகை, மது, உடல் பருமன் ஆகியவை தூண்டும். லித்தியம், பீட்டா தடுப்பு ரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியா மருந்துகள் ஆகியவையும் அந்த வரிசையில் வரும். காயம்பட்ட இடத்தில் புதிய தடிப்பு கிளம்புவதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் 1872-இல் விவரித்தார். பாவாடை நாடாவும் அரைஞாணும் இறுக்கும் இடுப்பு வரியில் தடிப்பு நேர்கோடாக ஓடுவது இதே விளைவுதான். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துச் செதிலை எடுப்பவர்கள் தாமே அடுத்த தடிப்புக்கு விதை ஊன்றுகிறார்கள்.

தடிப்பு மறைந்த தோலில் நினைவாற்றல் கொண்ட டி செல்கள் சில தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தியதும் நோய் பெரும்பாலும் பழைய இடத்திலேயே திரும்ப முளைப்பது அதனால்தான்.

மாற்றி அறியப்படும் நோய்கள்

தலையில் மட்டும் இருந்தால் பொடுகு என்று ஷாம்பு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பொடுகு முடி வரம்புக்குள் பரவலாக உதிரும். சொரியாசிஸ் தடித்து, முடி வரம்பைத் தாண்டி நெற்றியிலும் காதின் பின்னும் எட்டிப் பார்க்கும். கரப்பான் எனப்படும் எக்சிமாவில் அரிப்பு கடுமை, விளிம்பு மங்கல், நீர் கசியும். முழங்கையின் உள்மடிப்பையும் முழங்காலின் பின்மடிப்பையும் அது நாடும். சொரியாசிஸ் வெளிப்புறத்தை நாடும். உள்ளங்கையில் மட்டும் வந்தால் இரண்டையும் பிரித்தறிய அனுபவசாலிகளே திணறுவார்கள். சில சமயம் தோலில் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்க நேரும்.

தொழுநோயோடு குழப்பிக்கொண்டதுதான் பெருங்கொடுமை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்நோயாளிகளும் தொழுநோயாளிகளோடு சேர்த்து ஒதுக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஆங்கிலேய மருத்துவர் ராபர்ட் வில்லன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் துல்லியமாக விவரித்தும், தொழுநோயைக் குறிக்கும் சொல்லை விடவில்லை. வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841-இல்தான் இரண்டையும் திட்டவட்டமாகப் பிரித்தார். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குன்றியிருக்கும். சொரியாசிஸ் தடிப்பில் உணர்ச்சி அப்படியே இருக்கும்.

தற்செயல்களின் வரலாறு

சொரியாசிஸ் மருந்துகளில் கணிசமானவை வேறு எதற்கோ கொடுக்கப்போய்க் கிடைத்தவை. பிரேசில் மரமொன்றின் தூள், போர்த்துகீசியர் வழியாக வந்து, கோவாத் தூள் என்ற பெயரில் இந்தியாவில் படர்தாமரைக்குப் பூசப்பட்டது. லண்டனின் பால்மானோ ஸ்கொயர் 1870-களில் அது சொரியாசிஸுக்குக் கேட்பதைக் கண்டார். முதல் உலகப் போரில் அந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு வர, 1916-இல் ஜெர்மனியில் செயற்கையாக ஒன்றைத் தயாரித்தார்கள். துணியையும் தோலையும் பழுப்பாகக் கறைப்படுத்தும் டித்ரனால் அதுதான். 1951-இல் மூட்டுவாதத்துக்காக அமினோப்டெரின் கொடுக்கப்பட்டபோது சொரியாசிஸும் அடங்கியது. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் முன்வரிசை மாத்திரை. உறுப்பு மாற்றத்துக்குப் பயன்படும் சைக்ளோஸ்போரின் 1979-இல் மூட்டுவாத ஆய்வில் தோலைத் தெளிய வைத்தது. எதிர்ப்பு மண்டலத்தின் மீது பார்வை திரும்பியது அதன் பிறகே. 1985-இல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து எடுத்த ஒருவருக்குத் தடிப்புகள் மறைந்தன. கால்சிபோட்ரியால் களிம்புக்கு வழி பிறந்தது.

ஒளிச்சிகிச்சை மட்டும் திட்டமிட்டு வளர்ந்தது. 1925-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வில்லியம் கோக்கர்மன் நிலக்கரித் தாரையும் புற ஊதாக் கதிரையும் இணைத்தார். 1974-இல் சோரலன் மாத்திரையோடு ஏ வகைப் புற ஊதாக் கதிரைச் சேர்க்கும் முறை வந்தது. சோரலன் நம் நாட்டு மருந்துக்கடைக் கார்போகரிசியிலும் உள்ள பொருள்தான். இப்போது பெரும்பாலும் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய பட்டைக் கதிரே பயன்படுகிறது; மாத்திரை வேண்டியதில்லை, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். வாரம் இரண்டு மூன்று முறை சில மாதங்கள் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதுதான் சிக்கல். தினக்கூலித் தொழிலாளிக்கு அது இழந்த சம்பளக் கணக்கு.

இன்றைய சிகிச்சை

ஒருவரின் கை விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். மூன்று உள்ளங்கைக்குள் அடங்கும் நோயை லேசானது என்றும் பத்தைத் தாண்டினால் கடுமை என்றும் தோராயமாகப் பிரிப்பார்கள். ஆனால் முகம், உள்ளங்கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இருந்தால் பரப்பை வைத்துக் கணக்கிடுவது நியாயமல்ல.

லேசான நோய்க்குக் களிம்பே போதும். ஸ்டீராய்டு, கால்சிபோட்ரியால், சாலிசிலிக் அமிலம், தார் ஆகியவை அடிப்படை. சுட்டுவிரலின் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். குளித்து ஈரம் ஒற்றிய சில நிமிடங்களுக்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவினாலே பாதி எரிச்சல் தணியும்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளோபெட்டசால் போன்ற வீரியமான களிம்பு மூன்றே நாளில் பலன் காட்டும். அதனாலேயே பழைய சீட்டைக் காட்டியும், சீட்டே இல்லாமலும், மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் தடவுகிறார்கள். தோல் காகிதமாக மெலியும், வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும், நிறுத்தியதும் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ போட்டு நிறுத்தினால் சீழ்க்கொப்புள வகையே கிளம்பலாம். ஒரே வாரத்தில் குணம் என்று தரப்படும் பெயரில்லாப் பொட்டலங்களில் இருப்பது பெரும்பாலும் எதுவென்று தோல் மருத்துவர்களுக்குத் தெரியும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைத்தெருவில் அந்த விதி எவ்வளவு நடக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே.

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்பதோடு கிழமையையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. ஃபோலிக் அமிலம் துணைக்கு வேண்டும், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும், மது கூடாது. சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும், ஆனால் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தாக வேண்டும். அப்ரெமிலாஸ்ட் 2014-இல் வந்த மாத்திரை.

உயிரியல் மருந்துகள் தற்செயல் வரலாற்றை மாற்றின. எந்தப் புரதம் குற்றவாளி என்று தெரிந்த பிறகு அதற்கென்றே வடிவமைத்த ஊசிகள் இவை. எட்டனர்செப்ட் 2004-இலும், உஸ்டெகினுமாப் 2009-இலும், இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் 2015-இலும் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றன. 2003-இல் வந்த எஃபாலிசுமாப், அரிய மூளைத் தொற்று ஏற்பட்டதால் 2009-இல் திரும்பப் பெறப்பட்டது. பெங்களூருவின் பயோகான் உருவாக்கிய இட்டோலிசுமாப் 2013-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. விலைதான் இன்னும் பெரிய தடை. அடாலிமுமாப் போன்ற ஊசிகளுக்கு உள்நாட்டு மாற்று வடிவங்கள் வந்தது ஓரளவு ஆறுதல்.

தமிழ்நாட்டில் பலர் முதலில் கைவைப்பது வெட்பாலைத் தைலத்தில். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் கருஊதா நிறத்துக்கு மாறும். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் காளாஞ்சகப்படைக்குச் சிகிச்சை உண்டு. தைலம் செதிலை இளக்குவதும் லேசான நோயில் பலருக்கு இதம் தருவதும் உண்மை. உயிரியல் மருந்துகள் கடந்து வந்த அளவு பெரிய சோதனைகளை அது கடந்ததில்லை. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் அன்றி வாங்குவது சிறுநீரகத்தோடு விளையாடுவது.

தோலுக்கு அப்பால்

நோயாளிகளில் அதிகபட்சம் 30 சதவீதம் பேருக்கு மூட்டுவாதம் காண்கிறது, பெரும்பாலும் தோல் நோய் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் இறுகியிருப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி ஆகியவற்றை வயதின் மேல் பழி போட்டுக் கடத்தினால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும். சர்க்கரை நோய், மாரடைப்பு, மனச்சோர்வு ஆகியவையும் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். 2014-இல் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் நாள்.

தொற்றாத நோய் என்று எத்தனை முறை சொன்னாலும், முடிதிருத்தகத்தில் கத்தரி தயங்குகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. செதில் தெரியாதிருக்க வெளிர் நிறச் சட்டை, வெயிலிலும் முழுக்கை என்று உடுப்பே நோய்க்கு ஏற்ப மாறிவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1989-இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் தன் தோலுக்கு ஒதுக்கியிருக்கிறார்.

திருமணப் பேச்சில் இதை மறைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த மறைப்பு பிறகு மருத்துவச் சிக்கலாகவும் ஆகிறது. மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் குலைக்கும். கருத்தரிக்க எண்ணுவதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். சொரியாசிஸுக்கான மற்றொரு மாத்திரையான அசிட்ரெட்டினை எடுத்த பெண் நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது என்பதால், குழந்தை பெறும் வயதில் அதைத் தவிர்ப்பதே முறை. மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்கும் பெண், ஒளிச்சிகிச்சைக்கோ கர்ப்பத்தில் பாதுகாப்பான ஊசிக்கோ மாறலாம் என்ற யோசனையைக் கேட்கும் வாய்ப்பையே இழக்கிறாள்.