ஆடுகளத்திலும் செல்லுமா சட்டம்?

விளையாட்டின்போது எதிராளியைத் தாக்குவது எப்போது குற்றமாகிறது? பண்டைய ரோமானியர்களும் இக்கேள்வியை எதிர்கொண்டனர். பொதுப் போட்டியில் மல்லர் ஒருவர் மற்றவரைக் கொன்றாலும் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது என்றார் 3ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் உல்பியன். அச்செயல் புகழுக்காகவும் வீரத்திற்காகவும் செய்யப்பட்டது, தீங்கிழைப்பதற்காக அல்ல என்பது அவர் கூறிய காரணம். ஆனால், தோல்வியை ஏற்றுப் பணிந்தவரைக் காயப்படுத்தினால் சட்டம் பொருந்தும் என்றும் அவர் வரையறுத்தார்.

கனடாவின் டொரண்டோவில் இதே கேள்வி 1988இல் எழுந்தது. அவ்வாண்டு ஜனவரியில், மேபிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில், மினசோட்டா அணி வீரர் டினோ சிசரெல்லி, டொரண்டோ வீரர் லூக் ரிச்சர்ட்சனை மட்டையால் தலையில் அடித்தார். தேசிய ஹாக்கி லீக் அவருக்கு 10 ஆட்டங்களில் விளையாடத் தடை விதித்தது.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. தலைக்கவசம் அணிந்திருந்த ரிச்சர்ட்சனுக்குப் பெரிய காயம் ஏற்படவில்லை என்றபோதிலும், சிசரெல்லி மீது தாக்குதல் வழக்குத் தொடரப்பட்டது. ஆகஸ்ட் மாதம் அவரைக் குற்றவாளி எனக் கண்ட நீதிமன்றம், ஒரு நாள் சிறைத்தண்டனையும் 1,000 டாலர் அபராதமும் விதித்தது.

களமிறங்கும் வீரர், ஆட்டத்திற்கு இயல்பான மோதல்களுக்கு உடன்படுகிறார் என்பதைக் கனடியச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அந்த உடன்பாட்டிற்கும் எல்லை உண்டு. அதை மீறுபவரை விளையாட்டு அமைப்பு தண்டித்துவிட்டது என்பதால் மட்டும் நாட்டின் சட்டம் விலகி நிற்காது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.