கடலூர் மாவட்டப் பருத்திச் சாகுபடியில் இயந்திரங்கள்

கடலூர் மாவட்டத்தில் பருத்திக்கு இரண்டு பட்டங்கள். மேற்கே விருத்தாசலம், திட்டக்குடி, மங்களூர், நல்லூர் பக்கம் ஆவணி, புரட்டாசியில் மானாவாரியாக விதைத்து, தை முதல் பஞ்சு எடுப்பார்கள். கிழக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் சம்பா அறுத்த களிமண் வயலில், எஞ்சிய ஈரத்தை நம்பி, தை, மாசியில் ஊன்றுவது நெல் தரிசுப் பருத்தி. எம்.சி.யு. 7, எஸ்.வி.பி.ஆர். 3 ஆகியவை இதற்கான ரகங்கள்.

உழவுக்கு டிராக்டரும் ரோட்டவேட்டரும், களையெடுக்கப் பவர் வீடரும், மருந்தடிக்க விசைத்தெளிப்பானும் பழகிவிட்டன, டிரோனும் வந்துவிட்டது. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைச் செயலியில் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரைத் தூளாக்கி மண்ணோடு சேர்க்கும் கருவி, இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பட்டத்துக்குத் தங்காமலிருக்க உதவுகிறது. இத்தனையில் அதிகம் கவனிக்கப்படாததும், அதிகம் பயன் தரக்கூடியதும் இதுதான்.

பஞ்சு எடுப்பு மட்டும் இன்னும் கைவேலை. இடுப்பில் கட்டிய துணி மடியோடு பெண்கள் விடியலிலேயே வயலில் இறங்குகிறார்கள். காலை பத்து, பதினொரு மணிக்குள் எடுத்தால் சருகு பனியீரத்தில் பதமாக இருக்கும். வெயில் ஏறினால் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், விலை குறையும். காய்கள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஒரே செடியில் நான்கைந்து முறை எடுக்க வேண்டும். கூலியாள் கிடைக்காத வாரத்தில் கோடைமழை பெய்தால் வெடித்த பஞ்சு செடியிலேயே கறைபடும்.

எடுப்பு இயந்திரம் புதிதல்ல. ஈரமான கதிரில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பாட்டியின் நூற்புச் சக்கரத்தை நினைத்துக் கண்டுகொண்ட அமெரிக்கர் ஜான் ரஸ்ட், தம்பி மேக்கோடு சேர்ந்து செய்த இயந்திரத்தை 1936இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோன்வில்லில் ஓட்டிக் காட்டினார். இன்றைய இயந்திரங்களில், சுழலும் கதிர்கள் பஞ்சை இழுத்துச் சுற்றிக்கொள்ள, ரப்பர் தட்டுகள் உருவிவிடும். காற்று அதைக் கூண்டுக்குத் தள்ளும். இலையுதிர்ப்பு மருந்தடித்து இலையை உதிர்த்த பிறகே இயந்திரத்தை இறக்குவார்கள். இல்லையேல் பச்சை இலைச்சாறு பஞ்சில் ஏறும்.

அந்த இயந்திரத்துக்கு நம் செடி பொருந்தாது. 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடும் வீரிய ஒட்டுச் செடி ஏக்கருக்கு 5,400தான்; படர்ந்து கிளைத்து, விட்டுவிட்டு வெடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட கோ 17 வேறு வகை. பக்கக்கிளை இல்லாமல் நேராக வளர்ந்து, காய்கள் ஏறக்குறைய ஒருசேர வெடிக்கும். 100 × 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 40,000 செடி நிற்கும். இயந்திர எடுப்புக்கு வழி இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் வரப்புகள் நெருங்கிய சிதம்பரம் வயல்களில், மழை பட்ட களிமண்ணில் பெரிய இயந்திரம் புதைந்துவிடும். முதலில் மேற்குப் பகுதிகளில், விவசாயிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் விதைக்கும் தொகுப்பு வயல்களில்தான் இயந்திர எடுப்பைச் சோதிக்க வேண்டும். தூசியையும் இலையையும் நீக்கும் சுத்திகரிப்பு வசதியும் உடன் வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 2025-26 பருவத்தில் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். கையால் எடுத்தாலும் இயந்திரத்தால் எடுத்தாலும், பஞ்சில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போனால் விலை குறையும். 12 சதவீதத்தைத் தாண்டினால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்காது.