தூங்குறவனும் வழி விடுறவனும்: சிட்னியில ஒரு உரையாசிரியர்

ஓடிக்கிட்டிருக்குற ப்ரோக்ராம் சிபியூவை அடுத்தவனுக்குக் கொடுக்க ரெண்டு வழி இருக்கு மக்களே. ஒண்ணு ஸ்லீப், இன்னொண்ணு யீல்ட். ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். இல்லீங்க!

ரேஷன் கடையை நினைச்சுக்கோங்க. "மண்ணெண்ணெய் வந்ததும் எழுப்புங்க"ன்னு சொல்லிட்டு திண்ணையில படுத்துட்டா அது ஸ்லீப். "அண்ணே, நீங்க முன்னாடி போங்க"ன்னு க்யூவுலயே நின்னா அது யீல்ட். பின்னாடி யாருமே இல்லேன்னா? மறுபடியும் நீங்கதான் முதல் ஆள். எண்ணெய் வர்ற வரைக்கும் யீல்ட் பண்ணிக்கிட்டே இருந்தா சிபியூ சூடாகுறதுதான் மிச்சம்.

இந்த வித்தியாசத்தை மாணவர்கள் கெர்னலுக்குள்ளேயே போய்ப் பார்க்கும்படி செஞ்சவர் ஒரு சிட்னி ஆசிரியர்னு இங்க படிக்க வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்த ஜான் லயன்ஸ். பெல் லேப்ஸோட யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு கெர்னல், சுமார் 9000 வரி. அதை அப்படியே அச்சடிச்சு, கூடவே ஒரு உரையும் எழுதி 1976-77ல மாணவர்கள் கையில கொடுத்தார். குறளுக்குப் பரிமேலழகர் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

அந்தக் கெர்னல்ல ஆள் மாத்துற வேலையைச் செய்றது 'ஸ்விட்ச்'. ஆங்கிலத்துல உயிரெழுத்தே இல்லாம எழுதின பேரு! அதுக்குப் போக ரெண்டு பாதை. டிஸ்க்குக்கோ டெர்மினலுக்கோ காத்திருக்குற ப்ராசஸ், எதுக்காகக் காத்திருக்கேன்னு குறிச்சு வெச்சுட்டு, 'தூக்கம்'னு நிலையை மாத்திக்கிட்டுப் போகும். வேற ஒருத்தனுக்கு முறை வந்துட்டதால விலகுற ப்ராசஸ் 'தயார்' நிலையிலேயே போகும். தூங்குறவனை 'வேக்கப்' வந்து எழுப்பணும். தயாரா இருக்குறவனுக்கு அது தேவையில்ல.

இவ்ளோ தெளிவான பாடத்துக்குத்தான் தடை வந்துச்சு. 1979ல வந்த ஏழாம் பதிப்போட லைசன்ஸ்ல, சோர்ஸ் கோடை வகுப்புல பாடமா நடத்தக்கூடாதுன்னுட்டாங்க. லயன்ஸ் புத்தகம் ஜெராக்ஸா, ஜெராக்ஸோட ஜெராக்ஸா உலகம் சுத்துச்சு. வகுப்புல காட்ட கோடு இல்லாம ஆண்ட்ரூ டானன்பாம் சொந்தமா மினிக்ஸ் எழுதினார் (1987). அதை வாங்கிப் படிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸை வெளியிட்டார். லயன்ஸ் புத்தகம் முறைப்படி கடைக்கு வந்தது 1996ல. 1998ல அவர் காலமானார். நல்லவேளை, அதைப் பார்த்துட்டுத்தான் போனார்.

2006ல எம்ஐடிக்காரங்க அதே ஆறாம் பதிப்பை இன்னைய சி மொழியில திருப்பி எழுதி 'எக்ஸ்வி6'னு பேர் வெச்சாங்க. மும்பை ஐஐடியிலயும் அதை வெச்சுப் பாடம் நடத்தியிருக்காங்க. அதுல ஸ்லீப், யீல்ட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. லாக் சமாச்சாரத்தை விட்டுட்டா, ஒண்ணு 'தூங்குறேன், இதுக்காக'ன்னு எழுதுது, இன்னொண்ணு 'தயார்'னு எழுதுது. அப்புறம் ரெண்டும் ஒரே கதவைத்தான் தட்டுது.

அதனால மக்களே, லூப்புக்குள்ள யீல்ட் போடுறதுக்கு முன்னாடி "நான் எதுக்காவது காத்திருக்கேனா?"ன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. ஆமான்னா, அதோட பேரைச் சொல்லிட்டு நிம்மதியாத் தூங்குங்க. எழுப்புறது கெர்னலோட வேலை.