ஒன்பது வளைவுகளும் ஒரு வரலாற்றுக் கேள்வியும்

எல்ல, தெமோதரை ஆகிய புகையிரத நிலையங்களுக்கு இடையே, தேயிலைச் சரிவுகளும் ஒற்றையடிப் பாதைகளும் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றின் மேலாக ஒன்பது வளைவுப் பாலம் செல்கின்றது. 1921ஆம் ஆண்டுக்குரிய இப்பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்டது.

இப்பாலத்தைப் பற்றி மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. முதலாம் உலகப் போரின்போது இதற்கென ஒதுக்கப்பட்ட உருக்கைப் பிரித்தானியர் போர்த் தேவைக்குத் திருப்பிவிட்டனர் என்றும், உள்ளூரார் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றை மட்டுமே கொண்டு பாலத்தைக் கட்டி முடித்தனர் என்றும் அக்கதை கூறும். ஆனால், 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே இதனைக் கொங்கிறீற்றுப் பாலம் எனக் குறிப்பிடுகின்றது. மேலும், வளைவின் மீது விழும் பாரம் அழுத்தமாக மாறி இருபுறத்துத் தூண்களுக்கும் இறங்குகின்றது. அழுத்தத்தைத் தாங்குவதிற் கல்லும் கொங்கிறீற்றும் வல்லவை. இழுவிசையைத் தாங்கவே உருக்கு இன்றியமையாதது. ஆகவே, உருக்கின்மையை விளக்கப் போரைத் துணைக்கழைக்க வேண்டிய அவசியமில்லை.

எனினும், கதையை வெறும் பொய்யென ஒதுக்கிவிடுதல் ஆய்வாளனுக்கு அழகன்று. ஆள்வோரின் உதவியின்றியே ஆக்கவல்லோம் என்ற குடியேற்ற நாட்டு மக்களின் தன்மான உணர்வு அதில் உறைந்துள்ளது. அதன் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. ஏடுகள் பொறியியலாளரைப் போற்றுகின்றன. கதை உள்ளூர்த் திறமையைப் போற்றுகின்றது. கல் சுமந்தோரும் கலவை குழைத்தோரும் இரண்டிலும் பெயரற்றோராகவே எஞ்சுகின்றனர்.

பாலம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதோடு, எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் வினாவாதல் வேண்டும். கோப்பியைத் துறைமுகம் சேர்க்கும் தேவையே 1867இற் புகையிரதத்தைக் கண்டிக்குக் கொணர்ந்தது. இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. இவ்வாண்டு வரிசை பெருந்தோட்ட மூலதனம் மலையேறிய வரலாறேயாகும். அம்மூலதனத்தை ஈன்ற உழைப்போ தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து வந்தோருடையது.

அவ்வுழைப்பாளரின் சந்ததியினருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974வரை தீர்மானிக்கப்படாதிருந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதத்திலேயே பயணமாயினர். உறவினர் நிலையங்களில் நின்று கதறியழ, அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. தேயிலையை இறக்குவதற்கென இடப்பட்ட தண்டவாளமே, அத்தேயிலையை விளைவித்தோரையும் நாட்டைவிட்டு இறக்கியது.

இன்று இப்பாலம் உல்லாசப் பயணிகளின் புகைப்படங்களில் உலகெங்கும் உலவுகின்றது. அதன் வனப்பை மறுப்பார் எவருமிலர். ஆயினும் மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், வளைவுகளை அண்ணாந்து நோக்குவதோடு அமையாது, அவற்றின் கீழே செல்லும் ஒற்றையடிப் பாதைகளையும் அவற்றில் நடந்த கால்களையும் நோக்குதல் வேண்டும். உழைத்தோரின் பெயர்களைக் கல் காத்துத் தரவில்லை. அந்தக் கடமை நமது எழுத்தின்பாலது.