ஷேர்டா, மேனேஜ்டா? உங்கள் வலைப்பதிவுக்கு எந்த ஹோஸ்டிங் போதும்?

மாதம் 149 ரூபாய்க்கு ஒரு ஹோஸ்டிங் விளம்பரம். பக்கத்திலேயே மாதம் 25 டாலர் கேட்கும் இன்னொன்று. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது 2,125 ரூபாய், அதாவது பதினான்கு மடங்கு. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். ஆனால் சந்தையில் இடைவெளி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து வந்து இரவில் நீங்கள் எழுதும் சினிமா விமர்சனமோ, மியூச்சுவல் ஃபண்டு பதிவோ, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் திறக்கப்போகிறது. அப்புறம் கூடுதல் காசு எதற்குப் போகிறது?

உங்கள் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. எழுதுவது மட்டுமே நோக்கம், வடிவமைப்பில் கை வைக்கும் ஆசை இல்லை என்றால், கூகுளின் பிளாக்கரில் சொந்த டொமைனை இணைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அதில் ஹோஸ்டிங் இலவசம்.

ஒரே தண்ணீர்த் தொட்டி

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. அறை உங்களுடையது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் பொது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பிராசஸர், மெமரி, பல நேரங்களில் ஐ.பி. முகவரி வரைக்கும் பங்கு போட்டுக்கொள்ளும். பக்கத்து அறைக்காரர் ஸ்பாம் மெயில் அனுப்பி அந்த ஐ.பி.யின் பெயர் கெட்டால், உங்கள் தளத்திலிருந்து போகும் மெயிலும் ஸ்பாம் பெட்டியில் விழலாம்.

ஒருவரே தொட்டியைக் காலி செய்துவிடாமல் இருக்க, பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருளை வைத்து ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடுகின்றன. விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். வரம்பெல்லாம் விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும். அங்கே தேட வேண்டியது மூன்று விஷயங்கள்: எத்தனை பிராசஸர் கோர், ஒரே நேரத்தில் எத்தனை 'என்ட்ரி பிராசஸ்', மொத்தம் எத்தனை 'ஐநோடு'.

ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கை. நீங்கள் ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை வெவ்வேறு அளவுகளில் வெட்டி ஆறேழு கோப்புகளாக்கி வைக்கும், தீம் தன் பங்குக்கு இன்னும் சிலதைச் சேர்க்கும். பதிவுக்குப் பத்துப் படம் போடும் பயணப் பதிவர் என்றால் ஒரே பதிவில் 70, 80 கோப்புகள். டிஸ்க்கில் இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடுவது இப்படித்தான்.

உங்கள் தளம் எப்போது படுத்துக்கொள்ளும்?

இதை எண்களில் பார்த்தால்தான் தெளிவாகும். மாதம் 30,000 பேர் வருகிறார்கள் என்றால் நாளுக்கு 1,000. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே மணி நேரத்தில் வந்தாலும் நிமிடத்துக்கு ஐந்தாறு பேர்தான். மலிவான ஷேர்டு திட்டம்கூட இதைச் சுலபமாகத் தாங்கும். எனவே 'என் தளத்துக்கு மாதம் இத்தனை பேர் வருகிறார்கள், ஷேர்டு போதுமா?' என்ற கேள்வியே கொஞ்சம் தவறு. மாதக் கணக்கு தளத்தைச் சாய்ப்பதில்லை. அந்த ஒரு நிமிடம்தான் சாய்க்கும்.

உங்கள் பதிவை யாரோ பிரபலம் பகிர்கிறார், ஒரே நிமிடத்தில் 500 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு எட்டுப் பேர். ஒரு பக்கத்தை உருவாக்க, அதாவது பி.எச்.பி. நிரலை ஓட்டி, டேட்டாபேஸில் தேடி, பக்கத்தைக் கோத்துக் கொடுக்க, பிராசஸருக்கு அரை விநாடி ஆகிறது. உங்களுக்கு ஒதுக்கியது ஒரு கோர். அதனால் விநாடிக்கு இரண்டு பக்கம்தான் முடிக்க முடியும். எட்டுப் பேர் வர, இரண்டு பேர் வெளியேற, விநாடிக்கு ஆறு பேர் வரிசையில் சேர்கிறார்கள். என்ட்ரி பிராசஸ் வரம்பு 20 என்றால் நான்காவது விநாடிக்குள் வரிசை நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு 508 என்ற பிழைச் செய்திதான் கிடைக்கும்.

இதே கணக்கில் பேஜ் கேஷைச் சேர்த்துப் பாருங்கள். முதல் வாசகருக்காக உருவான பக்கத்தை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்து, அடுத்து வருகிறவர்களுக்கு அதையே நீட்டுவதுதான் கேஷிங். பி.எச்.பி. ஓடாது, டேட்டாபேஸைத் தொடாது. சர்வர் லைட்ஸ்பீடில் இயங்கினால் அதற்கான கேஷ் பிளகின் இலவசம். கூடவே பக்கங்களையும் கேஷ் செய்யும்படி அமைத்த கிளவுட்ஃபிளேர் கணக்கு முன்னால் இருந்தால், அந்த 500 பேரில் பெரும்பாலானோர் உங்கள் சர்வர் பக்கமே வர மாட்டார்கள். சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் அதற்கு மையங்கள் இருக்கின்றன.

வலைப்பதிவுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், அதன் பக்கங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிபவை. கடை, உறுப்பினர் பகுதி, ஆன்லைன் வகுப்பு என்று ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்கள் வந்துவிட்டால் கேஷ் கைகொடுக்காது. அப்போது ஒவ்வொரு வருகையும் பிராசஸரின் தலையில்தான் விழும். ஷேர்டு ஹோஸ்டிங்கை விட்டு வெளியேற வேண்டிய எல்லைக்கோடு என்று நான் நினைப்பது இதைத்தான், வாசகர் எண்ணிக்கையை அல்ல.

மேனேஜ்டு என்றால் யார், எதை மேனேஜ் செய்கிறார்கள்?

'மேனேஜ்டு' என்ற சொல்லுக்குப் பொது வரையறை எதுவும் இல்லை. பழைய ஷேர்டு சர்வரிலேயே தானியங்கி அப்டேட்டை மட்டும் இயக்கிவிட்டு 'மேனேஜ்டு வேர்ட்பிரஸ்' என்று பெயர் சூட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தானியங்கி அப்டேட்டுக்காகத் தனியாகக் காசு கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. சிறு பாதுகாப்பு அப்டேட்களை வேர்ட்பிரஸ் 2013 முதல் தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளகின், தீம்களுக்கும் 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு.

உண்மையான மேனேஜ்டு சேவையில் கிடைப்பது வேறு. தினசரி காப்புப் பிரதி, ஒரே கிளிக்கில் மீட்பு, மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க 'ஸ்டேஜிங்' என்ற நகல் தளம், சர்வர் மட்டத்திலேயே கேஷிங், தளம் ஹேக் ஆனால் சுத்தம் செய்து தரும் ஆட்கள். கடைசியாகச் சொன்னதுதான் காசுக்கு மதிப்பு. சிவராத்திரி மாதிரி விழித்திருந்து மால்வேர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடியவர்களைக் கேட்டால் தெரியும்.

பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. டபிள்யூபி எஞ்சின் போன்ற நிறுவனங்கள் இன்னின்ன பிளகின்கள் கூடாது என்று பட்டியலே போட்டு வைத்திருக்கின்றன. உங்கள் டொமைன் பெயரில் மின்னஞ்சல் வசதி அங்கே கிடைக்காது. ஷேர்டில் அது பெரும்பாலும் இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும். பல திட்டங்களில் மாத வருகைக்கும் வரம்பு உண்டு, தாண்டினால் கூடுதல் கட்டணம். ஷேர்டில் பதிவு வைரலானால் தளம் விழும், மேனேஜ்டில் பில் ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைப் பக்கங்களில் இது இருக்காது. வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் மேட் முல்லன்வெக்கும் டபிள்யூபி எஞ்சினும் 2024 செப்டம்பரில் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். அந்த மாதம் 25-ம் தேதி, பிளகின்களும் தீம்களும் இறங்குகிற வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தை டபிள்யூபி எஞ்சினின் சர்வர்கள் அணுக முடியாதபடி தடுத்தார்கள். அங்கே தளம் வைத்திருந்தவர்களால் வழக்கமான வழியில் பிளகின்களை அப்டேட் செய்ய முடியவில்லை. இரண்டு நாளில் தடை தற்காலிகமாக விலகி, அக்டோபர் 1 முதல் மறுபடி வந்தது. நிறுவனம் அதற்குள் மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் தலையிட்டு அணுகலைத் திருப்பித் தரச் சொன்னது. தங்கள் தளத்தின் பாதுகாப்பை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று காசு கொடுத்தவர்கள், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் மாட்டிக்கொண்டார்கள்.

விலைப்பட்டியலில் இல்லாத விலை

மாதம் 149 ரூபாய் என்றால் மாதாமாதம் 149 கட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விலை பெரும்பாலும் நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 48 மாதத்துக்கு 7,152 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,439. அதன் பிறகு புதுப்பிக்கும் விலை மாதம் 449 என்றால், ஒரே வருடத்துக்கு வரியோடு 6,358 ரூபாய். வாங்கும் முன் புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள். அதுதான் உண்மையான விலை.

மேனேஜ்டு பக்கம் வருடத்துக்கு 25,500, வரியோடு 30,090. முதல் நான்கு வருடத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ 2,330 ரூபாய். பிளகின் அப்டேட், காப்புப் பிரதி சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து மாதம் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது என்றால், மணிக்கு 1,165 ரூபாய் கொடுத்து ஆள் வைக்கிறீர்கள். வலைப்பதிவிலிருந்து அந்த அளவுக்கு வருமானம் வருகிறதா? வராதவர்களுக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

வெளிநாட்டு நிறுவனத்தில் வாங்கினால் ஓர் உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளால் 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு முறைப்படி இ-மேண்டேட் பதிவு வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தர வேண்டும். இந்த ஏற்பாடு செய்யாத வெளிநாட்டு நிறுவனங்களில் ஆட்டோ ரினியூவல் சத்தமில்லாமல் தோற்றுவிடும். காலெண்டரில் நீங்களே நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்.

காப்புப் பிரதி எங்கே இருக்கிறது?

எந்தத் திட்டம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்து அழிந்தது. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் காப்புப் பிரதி அவர்கள் வசதிக்கு. உங்களுடையது வேறு இடத்தில் இருக்க வேண்டும். அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி ஓர் இலவசப் பிளகின், வாரம் ஒரு பிரதியை உங்கள் கூகுள் டிரைவில் போட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, உள்ளே நிஜமாகவே உங்கள் பதிவுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

என் கணிப்பில், தனி ஆளாகப் பதிவு எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஷேர்டு, கேஷ், வெளியே ஒரு காப்புப் பிரதி, இந்த மூன்றும் போதும். இந்திய வாசகர்கள்தான் அதிகம் என்றால் இந்தியாவில், வழக்கமாக மும்பையில், சர்வர் இருக்கிற திட்டமாகத் தேர்ந்தெடுங்கள். தளத்தின் வழியாகக் கட்டணம் வாங்குகிறீர்கள், அல்லது ஒரு நாள் தளம் விழுந்தால் வேலையோ வாடிக்கையாளரோ போகும் என்றால், மேனேஜ்டுக்கு மாறலாம்.

முதலில் ஷேர்டில் தொடங்கிப் பிறகு மாறுவதும் கஷ்டமில்லை. டொமைனை மட்டும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்காமல் வேறொரு பதிவாளரிடம் வைத்திருந்தால், சண்டை வந்தாலும் வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கும். மாறும்போது தமிழ்த் தளங்களுக்கு என்று தனியாக ஒரு சோதனை உண்டு. பழைய டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு சரியாக இல்லாவிட்டால், புது இடத்தில் உங்கள் தமிழ் முழுக்கப் புரியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். எனவே புதுத் தளத்தில் பத்துப் பழைய பதிவுகளையாவது திறந்து படித்துப் பார்த்த பிறகே டி.என்.எஸ்.-ஐ மாற்றுங்கள். டொமைன் பெயரில் மின்னஞ்சல் இருந்தால் அதன் எம்.எக்ஸ். பதிவுகளை முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தளம் வந்துவிடும், மெயில் நின்றுவிடும். எல்லாம் சரியாக ஓடினாலும் பழைய கணக்கை உடனே மூடிவிட வேண்டாம், ஒரு மாதம் போகட்டும்.